இடித்தவன் செய்ய வேண்டிய வேலை: புன்னக்காயலில் ஒன்பது நாள்

தாமிரபரணியை மலையிலிருந்து கடல்வரை பைக்கில் பார்த்துவிட வேண்டும், அதுவும் இரண்டே நாளில். இதுதான் திட்டம். பாபநாசத்தில் தொடக்கம், புன்னக்காயலில் முடிவு. போன டிசம்பரில் கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் கிளம்பினேன். ஆற்றைப் பார்த்தேன், அது கடலில் சேரும் இடத்தையும் பார்த்தேன். நடுவில் ஒரு மனிதரை இடித்து அவர் கையை ஒடித்துவிட்டேன். அதனால் இந்தப் பதிவில் பாதிதான் பயணம், மீதி மீன் வியாபாரம். அருவிப் படம் பார்க்க வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் மதுரையில் வக்கீல். சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆம், சிரித்துவிடுங்கள். என் ஜூனியர் பையன் ஒரு வாரம் சிரித்தான்.

இரண்டு வருஷமாக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு: பழைய அயர்லாந்துச் சட்டங்கள். ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்பு அந்தத் தீவில் போலீஸ் கிடையாது, ஜெயில் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்த நடுவர்கள் இருந்தார்கள். தேனீ பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ப் பூவில் உட்கார்ந்தால் தேனில் அந்தத் தோட்டக்காரனுக்கும் பங்கு உண்டா என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறார்கள். அடுத்தவன் நிலம் வழியாக வாய்க்கால் வெட்டினால் அவனுக்கு எத்தனை முறை தண்ணீர் விட வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. அந்தத் தண்ணீர்ச் சட்டத்தைப் படித்தபோதுதான் நம்மூர் அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் நேரில் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்று தோன்றியது. பெரிய ஆராய்ச்சியாளன் என்று நினைப்பு!

டிசம்பர் 25, காலை ஆறே காலுக்குப் பாபநாசம் படித்துறையிலிருந்து புறப்பட்டேன். மழை விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் இட்லி. சேரன்மகாதேவிக்கு முன்னால் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, "இந்த வாய்க்கால் யார் யார் நிலம் வழியா வருது அண்ணாச்சி? அவங்களுக்கு இதுல என்ன உரிமை?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு நிலம் வழியா வந்தா என்ன? தண்ணி வருதுல்லா. நீங்க எந்த ஆபீசு?"

கட்டுரையின் முதல் அத்தியாயம் அங்கேயே முடிந்தது. திருநெல்வேலி டவுனில் அம்மா வீட்டில் ராத்தங்கல். அன்று மொத்தம் ஐம்பத்தொரு கிலோமீட்டர்.

மறுநாள் ஏழரைக்குக் கிளம்பி, பாளையங்கோட்டை வழியாக ஸ்ரீவைகுண்டம். ஆற்றின் கடைசி அணைக்கட்டு அங்கேதான். காலையில் போனால் வெயில் முகத்தில் அடிக்காது, ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். பிறகு ஏரல், முக்காணி, ஆத்தூர். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துவிட்டுப் புன்னக்காயல் சாலையில் திரும்பினேன். நேரம் பன்னிரண்டு நாற்பது.

பச்சை முடிந்து வெள்ளையாக உப்பளம் தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு. இடது பக்கம் ஆறு அகன்று தெரிந்தது. எனக்கு முன்னால் ஒரு மொபெட், பின்னால் மீன்பெட்டி கட்டியது, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே அதை முந்தினேன். பெட்டியின் மூலை என் ஹேண்டில்பாரில் பட்டது. அவ்வளவுதான். நான் விழவில்லை. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார்.

"ஏம்வே! ஆத்தப் பாத்துக்கிட்டா வண்டி ஓட்டுவாரு ஒரு மனுசன்?"

இதுதான் சூசை அண்ணாச்சி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். புன்னக்காயல்காரர். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, பக்கத்து ஊர்களில் தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியம் வீடு திரும்புகிறவர். நான் இடித்தது திரும்பும் வழியில்.

திருச்செந்தூரில் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு. மணிக்கட்டு எலும்பு. ஐந்து வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். விபத்து என்று பதிவு செய்தார்கள்; போலீசும் வந்து கேட்டது. யார் மேல் தப்பு என்று நானே சொன்னேன். கேஸ் வேண்டாம் என்றார் அவர். சாயங்காலம் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் மனைவி பிலோமினா அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

தொழில் புத்தி விடுமா? சட்டைப்பையில் கையை விட்டேன். அண்ணாச்சி கட்டுப்போட்ட கையைத் தூக்கி என்னைத் தடுத்தார்.

"துட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய சார்? நாளைக்கு என் தெருவுக்கு எவன் போவான்?"

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. மூன்று ஊர், பதினொரு தெரு. பதினேழு வருஷமாக அவர் போகிற தடம். யார் வீட்டில் முள் இல்லாத மீன் வேண்டும், யார் வீட்டில் மாமியாருக்குக் காரல் பிடிக்கும், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அது மார்கழி மாசம். பாதி வீட்டில் மாலை போட்டிருப்பார்கள், விரதம் இருப்பார்கள். மீதி வீட்டை நம்பித்தான் பிழைப்பு. இன்னொரு வியாபாரி ஏற்கெனவே அந்தப் பக்கம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் இவர் ஹாரன் கேட்காவிட்டால் தெரு கைமாறிவிடும். பிலோமினா அக்கா மீன் எடுப்பதில் கெட்டிக்காரர், ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது. மகன் கப்பலில், எங்கோ ஆப்பிரிக்கக் கரைப் பக்கம்.

இங்கேதான் என் அயர்லாந்துக் கிறுக்கு குறுக்கே வந்தது. ஒருவனைக் காயப்படுத்தினால் காசை வீசிவிட்டுப் போக அந்தப் பழைய சட்டம் விடாது. காயம்பட்டவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், அவன் தகுதிக்கு ஏற்ற சாப்பாடு போட வேண்டும். அவன் படுத்திருக்கும் இடத்தில் சத்தம் இருக்கக் கூடாது. நாய்ச்சண்டை, பன்றி உறுமல், கோமாளிக் கூத்து எதுவும் ஆகாது. ஒன்பது நாள் கழித்து வைத்தியர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் எழுந்து நடமாடும்வரை அவன் வேலையைச் செய்ய ஓர் ஆளை இடித்தவன்தான் தர வேண்டும். பின்னாளில் இதெல்லாம் தொல்லை என்று காசாக மாற்றிவிட்டார்களாம். அந்தக் காசின் கொள்ளுப்பேரனை வைத்துத்தான் நான் பத்தொன்பது வருஷமாகப் பிழைக்கிறேன்.

"நான் போறேன் அண்ணாச்சி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிலோமினா அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நீங்க மீன் திம்பியளா?"

"இல்லக்கா. வீட்ல சைவம்."

"மாதாவே!" என்றார் அவர்.

ஆறுமுகநேரியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னதும், "ஏல, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? மீனா விக்கப் போற?" என்றாள். கடைசியில், "கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

முதல் நாள் காலை ஐந்து மணி, கடற்கரை. ஏலத்தில் அக்கா எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சாளை, காரல், கொஞ்சம் விளமீன். ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டி, ஹாரனைச் சோதித்து, ஏழு மணிக்கு அண்ணாச்சி மொபெட்டைக் கிளப்பினேன். அண்ணாச்சி தடத்தை ஒரு அட்டையில் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். குமட்டல் வருமோ என்று பயந்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீலைப் பார்த்துக் கத்துகிற தொண்டை, "மீனு, மீனேய்" என்று தெருவில் கூப்பிட மறுத்துவிட்டது. நல்லவேளை, ஹாரன் இருந்தது.

பெண்கள் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "அண்ணாச்சிக்கு என்னாச்சு? நீங்க யாரு?" என்று ஒவ்வொரு தெருவிலும் கேள்வி. நான்தான் இடித்தேன் என்று ஒவ்வொரு தெருவிலும் சொன்னேன். ஒரு அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீனு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மீனை ஆய்ந்து தரச் சொன்னவர்களிடம் கத்தியை நீட்டி, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். அதற்கும் சிரிப்பு. பதினொன்றரைக்குப் பெட்டி காலி.

ஒரு சட்டத்தை மட்டும் அமல்படுத்த முடியவில்லை. சத்தம் இல்லாமல் இருப்பதாவது! கிறிஸ்துமஸ் வாரம். கோயில் ஒலிபெருக்கி, வீடு நிறைய விருந்தாளி, பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டி. அண்ணாச்சி அதற்கு நடுவில் நிம்மதியாகக் குறட்டை விட்டார். நோயாளிக்கு அமைதி வேண்டும் என்று நான் சொன்னதற்கு அக்கா, "சத்தம் இல்லன்னாதான் அவருக்கு ஒறக்கம் வராது" என்றார்.

மூன்றாம் நாள்தான் கெடுத்தேன்.

அன்று ஒரு பால்சுறா கிடைத்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைப் புட்டு செய்து கொடுப்பார்கள். "கடைசி ஊரு, கோயில் தெரு. வடக்கு வரிசையில நாலாவது வீடு. மக பிள்ள பெத்து வந்துருக்கா. இன்னைக்குக் கொண்டாரேன்னு போன வாரமே சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அந்த அம்மாவுக்குச் சங்கடம்.

தெரு முனையில் போய் நின்றேன். வாசலெல்லாம் பெரிய பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ. கோயிலில் திருவெம்பாவை. ஒரு பெரியவர் நெற்றி நிறைய விபூதியோடு ஈர வேட்டியில் வந்துகொண்டிருந்தார். அப்படியே என் அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் தெருவிலும் மீன்காரர் வந்தால் ஹாரனை விட்டுக் கையை எடுத்துவிட்டு வேகமாகப் போய்விடுவார். இந்தத் தெருவில் மீனாவது! அண்ணாச்சி மாத்திரை மயக்கத்தில் ஊரை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். யாரையும் கேட்கக்கூட இல்லை. மரியாதையாக ஹாரனை விட்டுக் கையை எடுத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இதில் எனக்கு ஒரு பெருமை வேறு, இங்கிதம் தெரிந்தவன் என்று.

பெட்டியில் சுறா மிச்சம் இருந்ததைப் பார்த்ததும் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"முன்வாசலுக்கு யாரு போகச் சொன்னா? பின்னால சந்து இருக்குல்லா. அங்கன ஒரே ஒரு தடவ அடிச்சா அந்தம்மா கதவத் தொறக்கும். மூணு வீடு அப்படி." கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "தப்பு என்னுது. உங்க கண்ணுக்கு அந்தத் தெரு எப்படித் தெரியும்னு நான் யோசிக்கல. கை ஒடிஞ்சது சேந்துரும் சார். நான் சொன்னா சொன்ன நாளு மீன் வரும்னு அந்த வீட்ல நம்பி இருந்தாவ. பதினேழு வருசம். இனிமே நான் எப்படி அந்தச் சந்துல போயி நிப்பேன்?"

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பழைய அயர்லாந்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் மானத்துக்கு ஒரு விலை உண்டு. அவர்கள் பாஷையில் அதற்கு முகத்தின் விலை என்று பெயர். அடித்தால் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்தவனை அவமதித்தால் கொடுக்க வேண்டும். சொன்ன சொல் தவறினவனுக்கோ அந்த விலையே குறைந்துபோகும். அப்புறம் அவன் பேச்சு எங்கும் எடுபடாது. ஒரே வாரத்தில் இந்த மனிதரின் கையையும் ஒடித்து, சொல்லையும் நான் ஒடித்திருக்கிறேன். முதலாவதற்காவது டாக்டர் இருக்கிறார்.

மறுநாள் புன்னக்காயல் கரையில் பால்சுறா இல்லை. நாலரைக்கே அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இருபது கிலோமீட்டர் தள்ளித் திருச்செந்தூர் அமலிநகர்க் கரைக்குப் போனேன். இரண்டு கிடைத்தது. எட்டு மணிக்கு அந்தப் பின்சந்தில் போய் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தேன். கதவு திறந்தது. அறுபது வயது அம்மா, கையில் பாத்திரம் இல்லை.

"நேத்து பதினோரு மணி வரைக்கும் பாத்தேன். வேற ஆளுட்ட வாங்கியாச்சு."

"தப்பு என்னோடதும்மா. அண்ணாச்சி சரியாத்தான் சொன்னாவ. நான்தான் தெருவப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

"நீங்க யாரு நடுவுல? சொன்னவரு வரட்டும். பாப்போம்."

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த இரண்டு பின்வாசலும் திறக்கவே இல்லை. கோர்ட்டில் எத்தனையோ கேஸ் தோற்றிருக்கிறேன். இப்படித் தோற்றதில்லை.

கோர்ட் திறந்தபிறகும் இரண்டு நாள் ஜூனியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் முடித்தேன். பதினொரு தெருவில் பத்து தெரு அப்படியே இருந்தது. அந்த ஒரு சந்து மட்டும் இல்லை. கிளம்பும்போது, நான் போகலாமா என்று கேட்டேன். இதற்குள் ஊரில் ஐம்பது பேராவது என்னிடம் "பரவால்ல சார்" சொல்லியிருப்பார்கள். அண்ணாச்சி மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழமை மட்டும் வந்துருங்க. மத்த நாளைக்கு என் மச்சான் மகன் போறேங்கான். ஞாயித்துக்கெழம ஏவாரத்த அவன் தாங்க மாட்டான்" என்றார்.

நாலு ஞாயிறு போனேன். சனிக்கிழமை மத்தியானம் மதுரையில் பஸ் ஏறுவேன், ஞாயிறு மாலை திரும்புவேன். மூன்றாவது ஞாயிறு "மீனேய்" என்று கூப்பிட வந்துவிட்டது. அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.

நாலாவது ஞாயிறு நான் போய் நின்றபோது, கட்டுப் பிரித்த கையோடு அண்ணாச்சி வாசலில் நின்றார். கை மெலிந்து, வெளுத்திருந்தது. ஆக்சிலேட்டரைத் திருக இன்னும் தெம்பு போதாது. "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால இருக்கேன்" என்றார். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நேராக அந்தச் சந்துக்குப் போகச் சொன்னார்.

ஹாரனை அவரே எட்டி அழுத்தினார். ஒரு தடவை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தாழ்ப்பாள் சத்தம். அந்த அம்மா என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார்.

"சொன்ன நாளு வரல, தாயீ. தப்புதான்" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தப்பைத் தன் தப்பாகச் சொல்கிறாரே என்று வாயைத் திறந்தேன். அவர் என் தோளை அழுத்தினார்.

அந்த அம்மா என்னைக் காட்டி, "இவரு யாரு ஒமக்கு?" என்றார்.

அண்ணாச்சி யோசித்தார். "இடிச்சவரு. நான் படுத்துக் கெடந்தப்போ ஏவாரத்துக்குப் போனவரு."

"இன்னுமா வாறாரு?"

"வாறாரு."

அந்த அம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சட்டி இருந்தது. "பாறை இருக்கா? பேரனுக்குப் பால் பத்தாம இல்ல, இப்ப எங்களுக்குத்தான்" என்றார். பக்கத்துப் பின்வாசல் ஒன்றும் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி இறங்கி, இடது கையாலேயே மீனை எடுத்துப் போட்டார். நான் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

திரும்பி வரும்போது அவரே சொன்னார், நான் கேட்காமலே: "அடுத்த ஞாயிறு வர வேண்டாம் சார்."

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பாபநாசத்திலிருந்து புன்னக்காயல்வரை என் வண்டி காட்டியது நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், சுற்றுவழிகளும் சேர்த்து. இரண்டு நாள் போதாது, மூன்று வையுங்கள். பஸ்ஸில் என்றால் ஆத்தூர் வரை அடிக்கடி உண்டு, அங்கிருந்து புன்னக்காயலுக்கு ஆட்டோவில் என்னிடம் இருநூறு ரூபாய் வாங்கினார்கள். லாட்ஜ் அறுநூறு, வெந்நீர் கிடையாது. முகத்துவாரத்தைப் பார்க்கக் காலை ஆறு மணிதான் சரியான நேரம். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் ஆத்தூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உப்பள வளைவில் ஆறு இடது பக்கம் அழகாகத் தெரியும். பார்க்கத் தோன்றினால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அதையும் மீறி யாரையாவது இடித்துவிட்டால், சட்டைப்பையில் கையை விடுவதற்கு முன்னால், அவர் நாளைக் காலையில் எங்கே போக வேண்டியவர் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நாலு மணிக்கு அலாரம் வையுங்கள்.